ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால், ஸ்பேனரைக் கையில் கொடுக்கும் முன்பே ஸ்பிரிங்குக்கு எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன். மதுரையில் பைக், கார் இரண்டும் பார்க்கிற சின்னக் கடை எங்களுடையது. பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் பயப்படுகிறவர்கள்கூட ஸ்பிரிங் என்றால் வெறுங்கையோடு இறங்கிவிடுகிறார்கள். கைப்பலத்தைக் காட்டும் வேலையாக அதைப் பார்க்கும் வழக்கம் நம் தொழிலை விட்டுப் போக வேண்டும்.

பைக்கின் சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கிக்குள் திருப்புளியைக் கொடுத்து நெம்புவார்கள். இல்லாவிட்டால் பிளேயரில் பிடித்து, முகத்தைக் கிட்டத்தில் வைத்து இழுப்பார்கள். வழுக்கினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். உண்மையில் அந்த வேலைக்குப் பலமே வேண்டாம். ஸ்டாண்டை அசைத்து, ஸ்பிரிங் நன்றாக நீளும் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். விரிந்த சுருள்களுக்கு நடுவே மெல்லிய வாஷர்களை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். ஒரே பக்கமாகச் செருகினால் ஸ்பிரிங் கோணிக்கொள்ளும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றிப் போட வேண்டும். பிறகு ஸ்டாண்டை மடக்கினால், சுருங்க வழியில்லாமல் ஸ்பிரிங் தொளதொளவென்று நிற்கும். விரலாலேயே கழற்றலாம். வாஷரோடு அப்படியே திரும்ப மாட்டி ஸ்டாண்டை இறக்கினால், வாஷர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். டிரம் பிரேக் ஷூவுக்கும் மல்லுக்கட்டு தேவையில்லை. இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு முதலிலேயே கோத்து, பாதி விரித்த புத்தகத்தைக் கவிழ்ப்பதுபோல் வைத்து அமுக்கினால் உட்கார்ந்துவிடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்பக்க கிளட்சில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு பெரிய நட்டுதான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. முழங்காலால் அமுக்கிக்கொண்டு அதைக் கழற்றுகிற பையன்களைத் தினமும் பார்க்கிறேன். பக்கத்துத் தெருக் கடைப் பையன் ஒருவனுக்கு, நட்டு கடைசி மரையை விட்டதும் பிளேட் எகிறித் தாடையில் அடித்தது. நான்தான் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மீசைகூட முளைக்காத முகம்.

ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் காரின் முன்பக்க ஸ்ட்ரட் இதைவிடப் பெரிய ஆபத்து. சின்னக் காரில்கூட ஒரு முன்சக்கரத்தின் மேல் 250 கிலோ அளவுக்குச் சுமை இருக்கும். அதைத் தாங்குகிற ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டு மேல் நட்டை அவிழ்க்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸரின் இரண்டு கம்பிகளையும் நேரெதிராக மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே இறுக்க வேண்டும். அவசரத்துக்கு ஏர் கன்னை வைத்தால் மரை தேய்ந்துவிடும். தேய்ந்த மரை என்றைக்கு விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து, கையால் திருப்பினால் சுற்ற வேண்டும். அதுவரை மேல் நட்டைத் தொடக் கூடாது.

கையால் இறுக்குகிற சாதாரண கம்ப்ரெஸர் ஒரு கார் டயர் விலைகூட வராது. கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி அதைவிட மலிவு. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். ஆனால் தெருவோரக் கடைப் பையன்களில் பெரும்பாலோர் அண்ணன்மார் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அண்ணன் முழங்காலால் அமுக்கினால் தம்பியும் அப்படியே அமுக்குவான். ஆகவே முதலில் மாற வேண்டியவர்கள் என்னைப் போன்ற கடைக்காரர்கள்.

ஆயில் கம்பெனிகள் நடத்தும் மெக்கானிக் மீட்டில் பையும் சுவர்க் கடிகாரமும் தருகிறார்கள். அந்தக் காசுக்குப் பக்கவாட்டிலும் மறைப்புள்ள கண்ணாடி தரட்டும். கம்ப்ரெஸர் பிடிப்பதை மேடையிலேயே செய்து காட்டட்டும். ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுது பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியமே இருக்கிறது. விபத்து நடந்த பிறகு உதவித்தொகை தருவதோடு நிற்காமல், பதிவு அட்டை கொடுக்கும் அன்றே ஒரு கண்ணாடியையும் அது கொடுக்கலாம்.