பொறுக்காமல் விட்டோம்

2005 மார்ச்சில் ஜெர்மனியின் மூனிக்கிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது காவிரிக் கடைமடையில் நாங்களும் மகிழ்ந்தோம். வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் ஒரு தனியார் நிறுவனமும் 1994-இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் ரத்தானது. அந்த மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இந்திய விவசாயிகள் முன்பிருந்தே செய்துவருவது இது என்று வாதாடித்தான் எதிர்த்தவர்கள் வென்றார்கள். அந்த வருடச் சம்பாவில் எங்கள் தெருவில் ஒருவர்கூட வேப்பங்கொட்டை இடிக்கவில்லை.

அப்பாயிகள் குதிரில் நெல் கொட்டும்போது நொச்சியும் வேப்பிலையும் சேர்த்துப் போடுவார்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

வயலில் இலைச்சுருட்டுப்புழு நாலு இலையை வெளுக்க வைத்ததும் மருந்துக்கடைக்கு ஓடினோம். அடித்ததில் சிலந்தி செத்தது; புகையான் பூச்சியின் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சியும் செத்தது. பிறகு புகையான் பெருகி வட்டம் வட்டமாகப் பயிர் கருகியபோது, போட்ட மருந்து போதவில்லை என்று மேலும் அடித்தோம். தெளிப்பானைச் சுமந்தது கூலிக்கு வந்தவர்கள். கையுறைகூட வாங்கித் தரவில்லை. தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு, மிச்ச வேலையை வேறு ஆளிடம் ஒப்படைத்தோம்.

வேறு வருடங்களில் வேம்பை முயன்று பார்த்த சிலரும் அரைகுறையாகவே செய்தோம். 5 சதக் கரைசலுக்கு 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்க 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து அன்றைக்கே அடிக்க வேண்டும். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசாகக் கூடாது. நாங்கள் பூசணம் பிடித்த பழைய கொட்டையை இடித்தோம். வெயில் பட்டால் வீரியம் போகும் என்று தெரிந்தும், சாயங்காலம் வரை காத்திராமல் உச்சிவெயிலில் அடித்தோம். மறுநாள் காலையே வயலில் செத்த புழுவைத் தேடினோம். வேம்பு அப்படிக் கொல்லாது. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் தீனியைக் கெடுக்கும். தோலுரித்து வளர விடாது. புழு சின்னதாக இருக்கும்போதே அடித்துவிட்டுச் சில நாள் பொறுக்க வேண்டும். பொறுக்காமல், “இதுக்கெல்லாம் புழு கேக்காது” என்று டீக்கடையில் சொன்னோம். செய்து பார்க்க நினைத்த இளவட்டங்களையும் அந்தப் பேச்சு தடுத்துவிட்டது. செய்யாமல் விட்டதைவிட இதுதான் பெரிய தவறு என்று இப்போது படுகிறது.

ஆனி, ஆடியில் வாசலெல்லாம் மஞ்சளாகப் பழம் உதிர்கிறது. சருகோடு கூட்டிக் கொளுத்துகிறோம். இந்த ஆடியிலும் எங்கள் தெருவில் ஒரு திண்ணையிலும் நிழலில் உலர்த்திய ஒரு படி கொட்டை இல்லை.