அனாமத்துக் கணக்கில் ஓடும் பேண்ட்சா

பி.காம். படிக்கிறவனுக்கு மரம் அறுக்கிற மிஷினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே காமர்ஸ்காரனுக்கும் வேலை இருக்கிறது :-)

எங்கள் புதூர், விளாத்திகுளம் பக்கம் நான் பார்த்த மரப் பட்டறைகளில் பேண்ட்சா கோணலாக அறுத்தால் உடனே இரண்டு தீர்ப்பு வரும். ஒன்று, "வேம்பு அப்படித்தான், இழுக்கும்." இரண்டு, "பையனுக்குத் தள்ளத் தெரியலை." மிஷினை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை!

வேம்பு, தேக்கு, கருவேலம் என்று மூன்று துண்டு அறுத்துப் பாருங்கள். அறுத்த பலகை வளைவது மரத்தின் குணம். அது மரத்துக்கு மரம் மாறும். மூன்றும் ஒரே பக்கம் இழுத்தால் குற்றவாளி மிஷின்தான்.

மூன்றாவதாக ஒரு 'தொழில் ரகசியம்' உண்டு. மரத்தை ஒட்டித் தள்ள மேஜை மேல் நிற்கிற சட்டம்தான் ஃபென்ஸ். பிளேடு இழுக்கிற பக்கமே அதையும் சாய்த்து வைத்துவிடுவது! வெளிநாட்டு மரவேலைப் புத்தகங்களிலும் இந்த வைத்தியம் இருக்கிறது. எனக்கு அனாமத்துக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. இருப்பாய்வு சமமாகவில்லையா? வித்தியாசத்தை அனாமத்தில் போட்டுவிட்டுத் தூங்கலாம். பிழை மட்டும் உள்ளேயே இருக்கும். பிளேடு மாற்றினால் மறுபடி சாய்க்க வேண்டும்.

பிழை பெரும்பாலும் மேல் சக்கரத்தில் இருக்கிறது. சின்ன பேண்ட்சாக்களில் ரப்பர் சுற்றிய சக்கரம் நடுவில் சற்று மேடாக இருக்கும். பிளேடு அந்த மேட்டை விட்டு நகர்ந்து ஓடினால் திரும்பிக்கொள்ளும். பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் சக்கரத்தின் நடுவில் ஓட வேண்டும் என்கிறார், அமெரிக்காவில் செய்முறை விளக்கம் நடத்தும் அலெக்ஸ் ஸ்னோட்கிராஸ். கரண்டை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் மழுங்கிய பிளேடு என்றால் மாற்றுங்கள்.

அடுத்து மேஜை. ரசமட்டம் வேண்டாம், மூலமட்டத்தை எடுங்கள். கரிசல் தரை மழைக்கு வீங்கும், கோடையில் வெடிக்கும். மேஜை தரைக்கு மட்டமாக இருந்து என்ன பயன்? பிளேடுக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஃபென்ஸை மேஜைக் காடிக்கு இணையாக வையுங்கள். அப்புறமும் இழுத்தால் மேஜையின் அடி போல்ட்டைத் தளர்த்தி மேஜையையே கொஞ்சம் திருப்புங்கள்.

இதெல்லாம் அற்ப விஷயமா? 6 அங்குல உயரத்தில் 1 டிகிரி சாய்ந்தால் மேலுக்கும் கீழுக்கும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அரை அங்குலப் பலகையில் அது ஐந்தில் ஒரு பங்கு கனம், இழைத்தே போய்விடும். ஓடுகிற பிளேடின் பக்கத்தில் கையால் மரத்தை வளைத்துத் தள்ளுகிற பையனின் விரலுக்கு என்ன விலை போடுவீர்கள்?

ரம்பத்தூள் இயல்பான நட்டம், தவிர்க்க முடியாது. கோணல் அசாதாரண நட்டம். அசாதாரண நட்டத்தைச் சரக்கின் விலையில் ஏற்றக்கூடாது, லாப நட்டக் கணக்குக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அடக்கவிலைப் பாடம். அதாவது முதலாளி கணக்கில் எழுதுங்கள் சார், பையன் சம்பளத்தில் எழுதாதீர்கள்.