10 பவுண்டுக்கு ஷோ கிடைக்கும், படுக்க இடம்? எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் என்னதான் சிக்கல்?

ஆகஸ்ட் மாதம் எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தாலே கையில் ஒரு கட்டு நோட்டீஸ் சேர்ந்துவிடும். "சாயங்காலம் 5 மணிக்கு ஷோ, கட்டாயம் வந்துடுங்க" என்று விடாமல் கேட்பவர் கூலிக்கு வந்த ஆளாக இருக்கலாம். பல நேரங்களில் அந்த மேடையில் ஏறப் போகிறவரே அவர்தான்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் வசிப்பவர்கள் சுமார் 5 லட்சம் பேர். 2025-ல் அங்கு நடந்த ஃபிரிஞ்ச் விழாவுக்கு மட்டும் 26 லட்சம் டிக்கெட்டுகள் போயிருக்கின்றன. நாடகம், ஸ்டாண்ட்-அப் காமெடி, சர்க்கஸ், நடனம், இசை என்று 3,800-க்கும் அதிகமான நிகழ்ச்சிகள். 2026-ல் ஆகஸ்ட் 7 முதல் 31 வரை விழா. இந்த முறை பார்வையாளர் பில்லில் புதுசாக ஒரு வரியும் சேர்கிறது.

அழைக்காமல் வந்த 8 குழுக்கள்

1947-ல் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கியபோது, 8 நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. பெரிய விழாவின் ஓரத்தில் நடந்ததால் அடுத்த ஆண்டே 'ஃபிரிஞ்ச்', அதாவது விளிம்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த விளிம்புதான் மூல விழாவைவிடப் பல மடங்கு பெரியது.

இதன் அடிப்படை விதி எளிமையானது. தேர்வுக் குழு கிடையாது. பதிவுக் கட்டணம் கட்டி, நிகழ்ச்சி நடத்த ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். பப்பின் மாடி, சர்ச் ஹால், பல்கலைக்கழக வகுப்பறை, பாலத்துக்கு அடியில் இருக்கும் கல் நிலவறை, எல்லாமே அரங்குகள்தான்.

மிஸ்டர் பீனாக நமக்குத் தெரிந்த ரோவன் அட்கின்சன் 1970-களில் இங்கே மேடையேறியவர். ஃபீபி வாலர்-பிரிட்ஜின் 'ஃப்ளீபேக்' 2013-ல் இங்கே ஒரு சின்ன அறையில் தனி நபர் நாடகமாகத் தொடங்கியது. 2019-ல் ரிச்சர்ட் காட் நடித்த 'பேபி ரெய்ன்டீர்' ஐந்து ஆண்டுகள் கழித்து நெட்ஃபிளிக்ஸ் தொடரானது. நோட்டீஸ் நீட்டுபவர் அடுத்த ஃபீபியாக இருக்கலாம். ஒரு மணி நேரம் சகிக்கவே முடியாதவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் விழா பொறுப்பேற்காது.

சரி, செலவு எங்கே இடிக்கிறது?

டிக்கெட்டில் இல்லை. பிரபலங்களை விட்டுவிட்டால் பெரும்பாலான நிகழ்ச்சிகள் 10 முதல் 20 பவுண்டுக்குள் முடிந்துவிடும். இடிக்கும் இடம் படுக்கை. ஊரின் மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு டிக்கெட் விற்கும் ஒரு மாதத்தில் அறை வாடகை என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் மாணவர்கள் கோடை விடுமுறைக்குக் காலி செய்யும் வீடுகள் கலைஞர்களுக்குக் கிடைக்கும. 2017 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் வந்த வாடகைச் சட்டம், குடியிருப்பவரைக் கெடு முடிந்தது என்று சொல்லி வெளியேற்ற முடியாதபடி செய்தது. அதனால் ஆகஸ்டில் காலியாகும் வீடுகள் குறைந்தன. அடுத்து, வீட்டைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட உரிமம் கட்டாயம் என்ற விதி 2023 அக்டோபரில் முழுமையாக அமலுக்கு வந்தது. வாடகைக்குக் கிடைக்கும் அறைகள் இன்னும் சுருங்கின.

உள்ளூர் மக்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் எடின்பரோ நகராட்சி 'வீட்டுவசதி அவசரநிலை' அறிவிக்கும் அளவுக்கு அங்கே குடியிருக்கவே வீடு தட்டுப்பாடு. சுற்றுலாப் பயணிக்கு விட்டால் கொழுத்த லாபம் என்ற நிலையில், ஊர்க்காரருக்கு யார் வீடு கொடுப்பார்?

2025 ஆகஸ்டில் இன்னொரு இடியும் விழுந்தது. ஃபிரிஞ்ச் நடந்துகொண்டிருக்கும்போதே ஓயசிஸ் இசைக்குழு மர்ரேஃபீல்ட் ஸ்டேடியத்தில் மூன்று நாள் கச்சேரி நடத்தியது. அறைக்கு அடிதடி.

பார்வையாளர் இதை எப்படியோ சமாளித்துவிடுவார், மூன்று நாள்தானே. கலைஞர் மூன்று வாரத்துக்கு மேல் தங்க வேண்டும். 50 இருக்கை உள்ள அறை, 12 பவுண்டு டிக்கெட், பாதி அரங்கு நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வசூல் 300 பவுண்டு. அதில் அரங்கின் பங்கு, லைட் போடுபவர் சம்பளம், போஸ்டர், நோட்டீஸ் எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். பெரும்பாலோர் கைக்காசைப் போட்டுத்தான் வருகிறார்கள்.

2024, 2025 ஆண்டுகளில் பிரிட்டன் அரசு நிதியிலிருந்து தலா 180 விண்ணப்பதாரர்களுக்கு 2,500 பவுண்டு வீதம் உதவித்தொகை தரப்பட்டது. ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளுக்கு நடுவே இது சிறு துளி. யாரையும் தேர்ந்தெடுக்க மாட்டோம் என்று தொடங்கிய விழாவில், யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை இப்போது வாடகை தேர்ந்தெடுக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மேடையில் மிஞ்சுவார்களோ என்ற கவலை கலைஞர்கள் மத்தியில் சும்மா எழவில்லை.

புது வரி எவ்வளவு?

2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்கும் கட்டணத்தில் 5 சதவீதம் பார்வையாளர் வரி. தொடர்ந்து எத்தனை நாள் தங்கினாலும் முதல் 5 இரவுகளுக்கு மட்டும்தான் கணக்கு. வாட் சேர்ப்பதற்கு முன் ஓர் இரவுக்கு 200 பவுண்டு என்றால், 5 இரவுகளுக்கு வரி 50 பவுண்டு. ஹோட்டல், ஹாஸ்டல், வாடகை அறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கலைஞர் என்பதற்காகத் தனி விலக்கு இல்லை. ஆனால் மாதம் முழுக்கத் தங்கும் அவர்களுக்கு இந்த 5 இரவு வரம்பு கொஞ்சம் ஆறுதல்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது

முதலில் அறை, பிறகுதான் டிக்கெட். ஊருக்குள் கட்டுப்படியாகாவிட்டால் சுமார் 50 நிமிட ரயில் பயணத்தில் கிளாஸ்கோ இருக்கிறது. கடைசி ரயில் நேரத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. பல்கலைக்கழக விடுதி அறைகளும் கோடையில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஒரு நாளில் ஆறு ஷோ பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் மூன்றாம் நாளே படுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம், நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி தேவை. காரணம் ஊரின் அமைப்பு. மேப்பில் பக்கத்துப் புள்ளியாகத் தெரியும் கவுகேட் தெரு உண்மையில் பாலங்களுக்கு அடியில், ஒரு தளம் கீழே இருக்கிறது. படிக்கட்டைத் தேடி இறங்குவதற்குள் ஷோ தொடங்கிவிடும். தாமதமாக வந்தால் பல அரங்குகளில் உள்ளே விடமாட்டார்கள், பணமும் திரும்ப வராது. ஆகஸ்ட்தானே என்று ரெயின்கோட் இல்லாமல் போவதும் தப்பு.

தொடக்க நாட்களில் நடக்கும் முன்னோட்டக் காட்சிகளில் டிக்கெட் விலை குறைவு. போஸ்டரில் நான்கு நட்சத்திரம் ஒட்டியிருந்தால், அதைக் கொடுத்தது யார் என்று கீழே இருக்கும் பொடி எழுத்தையும் படிப்பது நல்லது.

காசே வேண்டாம் என்றால் இலவச நிகழ்ச்சிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பீட்டர் பக்லி ஹில் என்ற காமெடியன் 1996-ல் தொடங்கிவைத்த வழி அது. அரங்குக்கு வாடகை இல்லை, நுழைவுக்கு டிக்கெட் இல்லை, பிடித்திருந்தால் கொடுக்கலாம். ஷோ முடிந்ததும் வாசலில் பக்கெட்டோடு நிற்பவர் சற்றுமுன் மேடையில் ஜோக் சொன்னவர்தான். சில்லறை இல்லை என்று நழுவவும் முடியாது, பல இடங்களில் கார்டு மெஷினும் பக்கத்திலேயே இருக்கும்.