ஔவையார் ஒருவரா, பலரா?

சென்ற தவணைப் பரீட்சையில் மாணவன் ஒருவன் எழுதிய விடைக்குக் குறுக்கே சிவப்பு மையாற் கோடு கீறிவிட்டேன். "அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றுண்ட ஔவையார் விநாயகர் அகவலும் பாடினார்" என்பது அவன் எழுதியது. மறுநாள் விடைத்தாளை ஏந்திக்கொண்டு வந்தான். "ஐயா, புறநானூற்றுப் பாட்டும் அகவல், பிள்ளையார் பாட்டும் அகவல். பாடினவர் பெயரும் ஔவையார். இதிலே என்ன பிழை?" என்று கேட்டான். கெட்டிக்காரப் பையன். பாவகையைச் சரியாகச் சொன்னான். காலத்தைத்தான் பல நூற்றாண்டு தவறவிட்டான். அன்று அவனுக்கு இரண்டு வாக்கியத்திற் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் அவனுடைய அம்மம்மா என்னை மறித்துக்கொண்டார்.

"தம்பி, பேரனுக்கு முட்டை போட்டனீங்களாம், அது உங்கடை பாடு. நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் தொட்டு விடியக் காலமை அகவல் படிக்கிறன். அது ஔவையார் பாடேல்லை எண்டால், நான் இவ்வளவு காலமும் ஆற்றை பாட்டைப் படிச்சனான்?"

"ஔவையார்தான் பாடினவர் அம்மா. ஆனால் அவர் வேறோர் ஔவையார்."

"ஔவையாருக்குள்ளையும் வேற ஔவையாரோ!" என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அச்சிரிப்புக்கு விடை சொல்லாமற் போன குறை என் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. வாசகர்களுள்ளும் பலர் வீட்டில் இதே ஐயம் இருக்கக்கூடும். ஆதலின் இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஔவையார் என்னும் பெயரால் அச்சாகி வழங்கும் நூல்களை ஒரு மேசைமேல் அடுக்கிப் பாருங்கள். ஏடு தொடக்கியவுடன் குழந்தை வாயில் வைக்கும் ஆத்திசூடி ஒன்று. காப்பு நீங்க 109 சிறு வாக்கியங்கள். அடுத்தது கொன்றைவேந்தன், 91 வாக்கியங்கள். பின் வெண்பாவால் ஆன மூதுரையும் நல்வழியும். முன்னதில் 30 பாட்டு, பின்னதில் 40. மூதுரைக்கு வாக்குண்டாம் என்ற பெயரும் உண்டு. நம் நாவலரவர்கள் இந்நீதி நூல்களைப் பிள்ளைகளுக்கு ஏற்ற உரையோடு அச்சிற் கொணர்ந்த காரணத்தால், யாழ்ப்பாணத்துத் திண்ணைதோறும் இவற்றின் ஓசை கேட்டது. இவற்றின் பக்கத்தில் விநாயகர் அகவல், 72 அடி. அதனருகே பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஞானக்குறள். யோகநெறி பேசும் 310 குறட்பாக்கள். அசதிக்கோவை என்று சில பாடல்கள். அரசரோடும் புலவரோடும் சொல்லாடியதாக வழங்கும் தனிப்பாடல்கள் ஒரு கட்டு. இவை எல்லாவற்றுக்கும் அடியில், சங்கத் தொகை நூல்களிற் சிதறிக் கிடக்கும் 59 பாடல்கள்: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4.

அரிவரி வகுப்புக்கு ஒரு நூல், யோகிக்கு ஒரு நூல், காதலிக்கு ஒரு பாட்டு, படைத் தலைவனுக்கு ஒரு பாட்டு! ஒரே கையிலிருந்து இத்தனையும் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டால், வரக்கூடும். புலமை பல திறப்படுவது புதிதன்று. திறத்தின் வேறுபாடு மாத்திரம் சான்றாகாது. காலத்தின் வேறுபாடே சான்று. அதற்கு நல்வழியின் இறுதிப் பாட்டு ஒன்றே போதும். மாணவர்கள் அதை எடுத்துப் பார்க்க. அங்கே ஆசிரியர் திருக்குறளைக் கூறுகிறார், மறைமுடிவைக் கூறுகிறார், மூவர் பாடிய தமிழைக் கூறுகிறார், திருவாசகம், திருக்கோவையார், திருமூலர் சொல் என வரிசைப்படுத்தி, இவை யாவும் ஒரே வாசகம் என்று உணரச் சொல்லுகிறார். மூவர் எனப்படும் சம்பந்தர், அப்பர், சுந்தரர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும். தகடூர் அதியமானோ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட குறுநில மன்னன். அவனோடு உண்டு பேசி வாழ்ந்த ஒருவர் தேவாரத்தை எவ்வாறு மேற்கோளாகக் காட்டுவார்? வேறு வாதமே வேண்டியதில்லை.

விநாயகர் அகவலும் அத்தகையதே. மூலாதாரமும் குண்டலியும் இடைகலை பிங்கலையும் அதில் நிறைந்திருக்கின்றன. சங்கத் தொகைகளில் இம்மொழி இல்லை. யானைமுகக் கடவுள் வழிபாடும் அவற்றிற் காணப்படவில்லை என்பது அறிஞர் பலர் துணிபு. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் புறப்பட்டபோது, பூசையை விரைவாக முடிக்க முயன்ற ஔவையாரைப் பிள்ளையார் தும்பிக்கையால் எடுத்து அவர்களுக்கு முன்னரே கயிலையிற் சேர்த்தார் என்ற கதை, இந்த அகவலை ஒட்டி வழங்குவது. கதையை நம்புவோர்க்கும் அது இடைக்காலத்துக் கதையே அன்றிச் சங்க காலத்துக் கதையன்று.

ஔவையார் இருவர் என்பாரும், மூவர் என்பாரும், அதற்கு மேலும் எண்ணுவாரும் உளர். எண்ணிக்கையில் எனக்கு அக்கறை இல்லை. ஒருவர் அல்லர் என்பது உறுதி. அதற்குமேல் அடித்துச் சொல்வோரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒரு பெயரின் கீழ்ப் பலர் அடங்குவது தமிழில் ஔவையாருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. பதினோராந் திருமுறையில் ஐந்து பிரபந்தம் பாடிய பட்டினத்துப் பிள்ளையார் வேறு. தாயின் ஈமத்தீயின் முன் நின்று பாடியதாகச் சொல்லப்படும் பிற்காலப் பட்டினத்தார் வேறு என்பர். அகத்தியர் பெயரில் வைத்தியம், சோதிடம், மந்திரம் என எத்தனை ஏடுகள் நம் பரியாரிமார் வீட்டுப் பரண்களிற் கிடந்தன! இதற்கு நேர்மாறானதும் உண்டு. குறுந்தொகைப் புலவர் சிலருக்குப் பெயரே கிடைக்காமையால், அவர் பாட்டிலுள்ள ஓர் உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்பதுபோல வழங்கினர். அங்கே பாட்டிலிருந்து பெயர் பிறந்தது. இங்கே பெயர் வந்து பாட்டை விழுங்கிற்று.

ஏன் அவ்வாறு நேர்ந்தது? ஔவை என்னும் சொல் தாயையும் முதியவளையும் குறிப்பது. ஊர்தோறும் ஓர் ஔவை இருந்திருக்கலாம். அவருட் பாட வல்லார் சிலரும் இருந்திருக்கலாம். வேறொரு காரணமும் கூடும். சொந்தப் பெயரோடு சொன்னால் ஊர் கேட்கப் போவதில்லை என்று அறிந்த ஒருவர், ஊர் மதிக்கும் பெயரைத் தம் நூலின் தலையில் வைத்திருக்கலாம். அது ஏமாற்று என்று நான் கருதவில்லை. நூல் நிலைத்தாற் போதும், தாம் நிலைக்க வேண்டியதில்லை என்ற துணிவு அது. பாரதியார் புதிய ஆத்திசூடி பாடியபோது வடிவத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு தம் பெயரிலேயே வெளியிட்டார். அது இருபதாம் நூற்றாண்டின் வழக்கம். முற்காலத்தவருக்குப் பெயரை மறைப்பதே வழக்கம். எனினும் ஒரு வருத்தம் உண்டு. அப்பெயரினுள் மறைந்தவருட் பெண்கள் எத்தனை பேரோ! வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார் எனச் சங்க காலத்துப் பெண்பாற் புலவர் பலருக்கு அவரவர் பெயர் எஞ்சியது. ஞானக்குறள் பாடியவர் ஒரு பெண்ணாயின், அவரைப் பெற்றோர் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை நாம் ஒருகாலும் அறியப்போவதில்லை.

ஆயினும் பேரிழப்பு வேறோரிடத்தில் நேர்ந்தது என்பேன். பழைய ஔவையாரைப் பிற்கால ஔவையார் மறைத்துவிட்டார். உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894 இல். குறுந்தொகை முதன்முதல் அச்சேறியது 1915 இல். அதற்கு முன், ஏட்டுப் பயிற்சியுள்ள சிலர் நீங்க, மற்றெல்லோர்க்கும் ஔவையார் என்றால் நீதி சொல்லும் கிழவியே. நாவல் மரத்தடியில் முருகனிடம் பழம் கேட்டவரும் அவரே. பாரி மகளிருக்கு மணம் முடித்துவைக்கப் பனந்துண்டத்தைத் தளிர்க்கச் செய்தவரும் அவரே. (இந்தப் பனந்துண்டக் கதையில் நம்மவர்க்குத் தனி உவப்பு உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை.) 1953 இல் வெளிவந்த திரைப்படத்திற் கே. பி. சுந்தராம்பாள் கையிற் கோலும் நெற்றியில் நீறுமாகத் தோன்றியபின், அவ்வுருவத்தை எவராலும் அசைக்க முடியவில்லை. நான் வகுப்பில் என்ன சொன்னாலும் பிள்ளைகளின் மனக்கண்ணில் நிற்பவர் அவரே.

புறநானூற்று ஔவையாரோ அரசன் அவையில் நிமிர்ந்து நின்றவர். அவருடைய பாடல்களில் முதுமைக்கு ஒரு குறிப்பும் எனக்குத் தென்படவில்லை. அதியமான் அவரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைத் திறந்து காட்டினான். அவர் அதைப் புகழ்ந்து பாடினார்: இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து எப்போதும் கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சியே போன்ற அந்த எச்சரிக்கையை வாசிக்குந்தோறும் எனக்குச் சிரிப்பு வரும். குறுந்தொகையில் அவர் பாடிய பெண் ஒருத்தி, தன் காதல் நோயை அறியாமல் உறங்கும் ஊரை முட்டுவதா தாக்குவதா என்று குமுறுகிறாள். ஆத்திசூடி மாத்திரம் அறிந்தவரிடம் ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் இப்பாட்டை நீட்டினால், ஔவையார் பாட்டு என்று அவர் ஒருபோதும் சொல்லார்.

இவற்றையெல்லாம் யோசித்தபின், ஞாயிறு மாலை புறநானூற்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். பையன் பாய் விரித்தான். முதலில் நெல்லிக்கனிப் பாட்டை விளக்கினேன். எட்டுதற்கரிய மலையுச்சியிற் பெற்ற கனியின் பெருமையைத் தன் மனத்துள் அடக்கிக்கொண்டு, தான் உண்ணாது புலவருக்குக் கொடுத்தான் அதியமான். பிறை சூடிய நீலமிடற்றோனைப்போல நீ நிலைத்து வாழ்க என்று அவர் வாழ்த்தினார் என்றேன்.

"அப்ப அந்த ஔவையாரும் சிவபெருமானைத்தான் சொல்லியிருக்கிறா" என்று அம்மம்மாவின் முகம் மலர்ந்தது.

அடுத்து, அதியமான் போரில் இறந்தபோது பாடிய கையறுநிலை. சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான்; மிகுதியாகக் கிடைத்தால் எங்களுக்குத் தந்து, நாங்கள் பாடக் கேட்டு மகிழ்ந்து எஞ்சியதைத் தான் உண்பான் என்று அது தொடங்கும்.

"கள்ளோ?" என்றார் அம்மம்மா. பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கள்ளுத்தான் அம்மா" என்று சொல்லி மேலே போனேன். சோறு சிறிதாயினும் பலரோடு பகிர்ந்து உண்டதையும், புலால் நாறும் எங்கள் தலையைத் தன் நறுமணக் கையால் தடவியதையும் சொல்லி, அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கே நில்லாமற் பாணர் ஏந்திய பாத்திரத்தைத் துளைத்து, இரப்போர் கையிலும் தைத்து, சுற்றத்தார் கண்ணை ஒளி மழுங்கச் செய்து, புலவர் நாவிலே போய் வீழ்ந்தது என்னும் இடத்துக்கு வந்தேன். இனிப் பாடுவாரும் இல்லை, பாடுவார்க்குக் கொடுப்பாரும் இல்லை என்று முடிவதற்குள் அம்மம்மா முந்தானைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டுச் சுவரில் மாலையிட்ட படங்கள் இரண்டு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

"பிள்ளையாரைப் பாடினவ இவ இல்லைத்தான், தம்பி. இது வேற மனிசி" என்றார் பின்பு. "அவவுடைய பாட்டை நான் விடியக் காலமை படிப்பன். இவவுடைய பாட்டை எப்ப படிக்கிறது?"

விடை தெரியாமல் நான் புத்தகத்தை மூடப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். பேரனைப் பார்த்து, "உதிலை இன்னும் முப்பது பாட்டு இருக்கெண்டு வாத்தியார் சொல்லுறார். என்ரை கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா" என்றார்.