வெண்ணிலவும் நம் விழாக்களும்

அறிவியல் மாணவனுக்குப் பௌர்ணமி விழாவில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிறைய வேலை இருக்கிறது என்பதே என் கருத்து.

நமது தமிழாண்டு கதிரவனைப் பின்பற்றுவது. ஆனால் நம் விழாக்களுள் பல நிலவைப் பின்பற்றுவன. சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் ஆகியவை முழுநிலவை ஒட்டியே வருகின்றன. முழுநிலவு கதிரவனுக்கு நேர் எதிரே நிற்பது. ஆகவே மாதந்தோறும் வெவ்வேறு விண்மீனருகே அது காட்சி தருகிறது. விசாகத்தருகே நின்றால் வைகாசி. கார்த்திகையருகே நின்றால் கார்த்திகை. மகத்தருகே நின்றால் மாசி. மாதப் பெயர்களிலேயே வானநூல் அடங்கிக் கிடக்கிறது!

என் தாய் பள்ளி வாசலை மிதித்தவரல்லர். "பௌர்ணமி கழிந்தால் நாளுக்கு இரண்டு நாழிகை பிந்தித்தான் நிலா வரும்" என்பார். இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். சராசரித் தாமதம் ஏறத்தாழ 50 நிமிடம் என்கிறது பாடநூல். பூமி ஒருமுறை சுழல்வதற்குள் நிலவு கிழக்கே சற்று நகர்ந்துவிடுவதே காரணம். காரணத்தைக் கல்லூரியில் கற்றேன். கணக்கை வீட்டிலேயே கேட்டிருந்தேன்.

கார்த்திகையன்று சிறுவர் சுற்றும் மாவளியைப் பாருங்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைகளுக்கிடையே கட்டி, நெருப்பிட்டுக் கயிற்றால் சுற்றுவார்கள். வேகத்தில் காற்று பாய்ந்து கரி கனல்கிறது. பொறிகள் தொடுகோட்டுத் திசையில் பறக்கின்றன. இதைவிட நல்ல செய்முறைப் பாடம் ஏது? இன்று பல ஊர்களில் கடைப் பட்டாசு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பழையன எல்லாம் பொன் என்று நான் வாதாடவில்லை. சந்திர கிரகணத்தில் பாம்பு நிலவை விழுங்குகிறது என்பது கதை. நிலவின்மேல் விழுவது பூமியின் நிழல். குழந்தைக்குச் சொல்ல அக்கதை இனியதுதான். ஆனால் அதைக் காட்டிக் கருவுற்ற பெண்ணை இருட்டறையில் பட்டினி போடுவது கொடுமையல்லவா? கதை வாழட்டும்; அச்சம் ஒழியட்டும்.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். வீட்டில் கேட்டதையெல்லாம் அறியாமை என்று வெட்கி மறைப்போர் நம்மில் உண்டு. எல்லாமே விஞ்ஞானம் என்று மார்தட்டுவோரும் உண்டு. இரண்டுமே ஆராயாத மனத்தின் வேலை. கேட்பதும், குறிப்பதும், சோதிப்பதுமே மாணவருக்கு அழகு.

நண்பர்களே! வரும் விடுமுறையில் அவரவர் ஊர் முதியோரிடம் நிலாச்சோறு பற்றியும், கும்மி பற்றியும், மாவளி கட்டும் முறை பற்றியும் கேட்டு எழுதி வருவோம். ஒரு பௌர்ணமி தொடங்கிப் பத்து நாட்கள் நிலவு எழும் நேரத்தைக் குறித்து, இரண்டு நாழிகைக் கணக்கையும் சோதிப்போம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த மலரிலேயே அவற்றை வெளியிடலாம். எழுதத் தெரியாதவர்கள் காத்துத் தந்த கணக்கு, எழுதத் தெரிந்த நம் காலத்தில் தொலைந்து போகலாகாது.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)