மதரஸாக் கூரையும் கல்நார்த் தூசியும்



சென்ற கோடை விடுமுறையில் எம் மதரஸாவின் பழைய சிமெண்ட் ஷீட் கூரை பிரிக்கப்பட்டது. ஆட்கள் சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கீழே தள்ளினர். அத்தூசியை ஓதும் பிள்ளைகளைக் கொண்டு பெருக்கச் செய்தோம். பெருக்கச் சொன்னவர்கள் நாமே. அது கல்நார் கலந்த ஷீட் என்று பின்னர் அறிந்து எடுத்துரைத்தபோது, "இத்தனை வருடம் இதன் கீழேதானே ஓதினோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்றனர் நிர்வாகத்தார். இந்த மறுமொழியைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

கல்நார் பாறையிலிருந்து எடுக்கப்படும் கனிமம். பஞ்சுபோல் இழை இழையாகப் பிரியும், தீயில் எரியாது. நெருப்பில் வாழும் 'சமந்தல்' என்ற பிராணியோடு இதனைத் தொடர்புபடுத்தி முற்காலத்தில் கதைகளும் வழங்கின. கதை கிடக்கட்டும். கண்ணுக்குப் புலப்படாத அதன் இழைகள் மூச்சோடு நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கிவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறிச் சுருங்குதல், நுரையீரல் புற்று, அதன் உறையைப் பற்றும் மீசோதீலியோமா என்னும் புற்று ஆகியவை பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். பதினைந்து வயதில் பெருக்கிய தூசியை ஐம்பதில் மூச்சிரைப்பவர் நினைவுகூர்வாரா? யாருக்கு என்ன ஆயிற்று என்று எவர் கணக்கு வைத்தார்?

நீலக் கல்நார்தான் கேடு, கூரையிலுள்ள வெள்ளைக் கல்நாரால் கேடில்லை என்பது வணிகர் வாதம். உலக சுகாதார நிறுவனமோ எல்லா வகையும் புற்று விளைவிப்பதாகவே அறிவித்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடை செய்தது. இலங்கை 2018இல் தொடங்க முற்பட்ட கட்டுப்பாட்டை, ரஷ்யா சிலோன் தேயிலையை நிறுத்தியதும் ஒத்திவைத்தது. நுரையீரலைவிடத் தேயிலை கனத்தது! கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்குமாறு 1995இல் நம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேடற்ற பொருளுக்கு நாற்பதாண்டுப் பதிவேடு எதற்கு?

சிமெண்டில் கட்டுண்ட இழை வெளிவராது என்பதில் பாதி உண்மை உண்டு. உடையாத ஷீட்டின் கீழ் அமர்வதில் அபாயம் குறைவு. ஆகவே பீதியடைந்து இன்றே பிரிக்க வேண்டியதில்லை. அறுக்கும்போதும், துளையிடும்போதும், நொறுக்கும்போதும்தான் தூசி கிளம்புகிறது. அத்தூசி படிந்த கணவரின் உடையைத் துவைத்தே நோயுற்ற பெண்கள் பல நாடுகளில் உண்டு. கூலிக்கு வந்தவரின் மூச்சும் நம்மிடம் அமானிதமன்றோ!

மலிவு என்பதே எஞ்சும் வாதம். தகரம் வெயிலில் தகிக்கும், ஓட்டுக்குச் செலவு கூடும், ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஸதகா என்று எண்ணி ஷீட் வாங்கித் தரும் செல்வந்தர்கள், தம் வீட்டுப் பிள்ளையின் அறைக்கு அதனையே போடுவார்களா?

பிரித்தே ஆகவேண்டுமெனில் நீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குக. உலர்ந்த துடைப்பத்தைத் தொடாதீர். பிள்ளைகளை அப்பக்கமே விடாதீர்.

எம் மதரஸாவில் உடைந்த துண்டுகள் ஹவுளுக்குப் பின்புறம் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் தூளாக்கிப் பாதைக்குப் பரப்பலாம் என்றொரு யோசனை ஜமாஅத்தில் எழுந்துள்ளது. வரும் வெள்ளியன்று கூடும் கூட்டத்தில் நாம் அதனை எதிர்ப்போம்.