உண்ணி மாத்திரை 'இதர செலவு' இல்லைங்க

நம்ம சேனல் பாக்கிறவங்க சிலர் மாச பட்ஜெட் ஷீட்டை அனுப்பி 'இதுல எங்க குறைக்கலாம்?'னு கேப்பாங்க. நாய் வளர்க்கிறவங்க ஷீட்ல ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கேன். நாய்க்கு சாப்பாடு தனி வரியில இருக்கும். உண்ணி மாத்திரை மட்டும் 'இதர செலவு'க்குள்ள ஒளிஞ்சிருக்கும். கை இறுகும்போது முதல்ல வெட்டு விழுறது அந்த 'இதர'லதான்.

அட்வைஸ் பண்ற இடத்துல நின்னு இதைச் சொல்லல. போன வருஷம் நானே வெட்டினேன்.

எங்க வீட்டு கருப்பன் நாட்டு நாய், 18 கிலோ. அவன் எடைக்கான மாத்திரை மாசம் 850 ரூபாய். ஆகஸ்ட்ல வாங்க மறந்தேன். செப்டம்பர்ல டாக்ஸ் ஆடிட் நெருக்கடி. 'உடம்புல ஒரு உண்ணிகூட தெரியலையே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்'னு விட்டேன். உண்ணி தெரியாததுக்குக் காரணமே ஜூலை வரை கொடுத்த மாத்திரைதான்னு எனக்குத் தோணவே இல்ல. கிளெய்ம் வராத வருஷம் டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியம் வேஸ்ட்னு சொல்ற கிளையண்டை நான் திட்டியிருக்கேன்!

அக்டோபர்ல அவன் சாப்பாட்டைத் தொடல. காய்ச்சல், ஈறு வெளுத்திருந்தது, ஒருநாள் காலையில மூக்குல ரத்தம். ரத்தப் பரிசோதனையில தட்டணுக்கள் பாதாளத்துல. எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல். ட்ரிப்ஸ், திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை, 28 நாள் டாக்ஸிசைக்ளின். எல்லாம் சேர்த்து 13,600 ரூபாய். 1,700 ரூபாயை மிச்சம் பிடிச்சு, பதினாறு மாச மாத்திரைக்கான காசைக் கொடுத்தேன். நாய் பிழைச்சது, அது பெரிய விஷயம். ஆனா அந்த நாலு நாள் ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்திருந்ததை எந்த ஷீட்லயும் எழுத முடியாது.

'எங்க காலத்துல நாய்க்கு மாத்திரையா கொடுத்தோம்?'னு அம்மா கேட்டாங்க. கொடுக்கலதான். ஆனா அப்போ எத்தனை நாய் 'என்னன்னே தெரியல, சோர்ந்து படுத்துச்சு, போயிடுச்சு'ன்னு முடிஞ்சதுன்னு நான் திருப்பிக் கேட்டேன். அம்மா பதில் சொல்லல.

ஒரு மாசம் விட்டா என்னன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த உண்ணியோட கணக்கு தெரியணும். நம்ம ஊர் நாய்கள்ல அதிகம் இருக்கிறது பழுப்பு நாய் உண்ணி. அது வாழ்நாள்ல பெரும்பகுதி நாய் மேல இருக்காது, நம்ம வீட்லதான் இருக்கும். ரத்தம் குடிச்சு உப்பின பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசல்ல போய் ஆயிரக்கணக்குல முட்டை போடும். குஞ்சு, இளசு, முழுசுன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் ஒருமுறை நாய் மேல ஏறிக் குடிச்சுட்டு இறங்கிடும். பட்டினியா மாசக்கணக்குல காத்திருக்கவும் செய்யும். சென்னை மாதிரி ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு வந்து இதுக்கு லீவு விடப்போறதும் இல்ல.

மாத்திரை வேலை செய்யற விதமும் முக்கியம். அஃபாக்ஸோலேனர் வகை ஒரு மாசம், ஃப்ளூரலேனர் வகை சுமார் மூணு மாசம் தாங்கும். மருந்து ரத்தத்துல இருக்கு, உண்ணி கடிச்சாதான் சாகும். அதனால ஒண்ணு ரெண்டு கண்ல பட்டதும் 'காசு தண்டம்'னு நிறுத்திடாதீங்க. உங்க நாய்க்கு வலிப்பு வந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க, இந்த வகை எல்லாருக்கும் ஒத்துவராது.

இதுல காசு மிச்சம் பண்றேன்னு நம்ம ஆளுங்க பண்றதுதான் பயமா இருக்கு. பெரிய நாய் மாத்திரையை வாங்கி ரெண்டா உடைச்சுக் கொடுக்கிறது. பாதியில எவ்வளவு மருந்து போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தை வீட்டுப் பூனைக்கும் தடவுறது. அது பூனையைக் கொன்னுடும். மண்ணெண்ணெய் தடவுறது, தீக்குச்சியால சுடறது. சுட்டா உண்ணி விடாது, நாய்க்குத் தோல்தான் வெந்துபோகும்.

எடுக்கிற முறை சுலபம். கூர்முனை இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, முறுக்காம, நசுக்காம, நிதானமா நேரா இழுங்க. ஸ்பிரிட் இருக்கிற பாட்டில்ல போட்டு மூடுங்க, கடிச்ச இடத்தையும் உங்க கையையும் கழுவுங்க. விரலால நசுக்கவே வேண்டாம். தினமும் வாக்கிங் முடிஞ்சதும் காது உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில, தொடை இடுக்குல ஒரு அஞ்சு நிமிஷம் தடவிப் பாருங்க. இதுக்குச் செலவு பூஜ்யம். மருத்துவச் செலவைக் குறைக்கணும்னா சென்னையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கூட்டம் இருக்கும், காலையிலயே போயிடுங்க.

'பெட் இன்சூரன்ஸ் போட்டுட்டேனே'ங்கிறவங்க பாலிசி வாசகத்தை ஒருமுறை படிங்க. தடுப்பு மாத்திரை பொதுவா அதுல வராது, காத்திருப்புக் காலமும் இருக்கும். 80டி-லயும் நாய்க்கு இடமில்ல. உங்க குடும்பம், பெற்றோர் அவ்வளவுதான். அவன் குடும்பம் இல்லையான்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க, சட்டம் நான் எழுதல.

நான் இப்போ வருஷத்துக்கு 10,200 ரூபாயை வாடகை, இஎம்ஐ பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கேன். சம்பளம் வந்த மறுநாள் 850 தனி கணக்குக்குத் தானா போயிடும். இந்தக் காசு கட்டாதுன்னா, இன்னொரு நாயைத் தத்தெடுக்கிற யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைங்கன்னுதான் கேக்கிறவங்களுக்குச் சொல்றேன். சிலருக்குக் கோபம் வருது, வரட்டும்.

இந்த மாச மாத்திரை 3-ம் தேதியே கொடுத்தாச்சு. பால்கனி விரிசலுக்கு ஒயிட் சிமெண்ட் பூசினதுல 240 ரூபாய். அதையும் கருப்பன் கணக்குலதான் எழுதியிருக்கேன்.